தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி: எதை வைத்து விலை சொல்வது?

கேள்வி: வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாத்தா, ஊர் திரும்பிய ஆங்கிலேய மேலாளரிடம் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் தந்தையின் உரிமத்தில் இருக்கிறது. குழல்களின் மேல் பாய் பின்னியதுபோல் வரிகள் ஓடுகின்றன. அதன் தரத்தையும் மதிப்பையும் எப்படி அறிவது? மெருகேற்றிய பின் விற்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மெருகேற்ற வேண்டாம். உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்தாலே அந்த வரிகளும் செதுக்கு வேலைப்பாடும் மழுங்கிவிடும். போன பழமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த வரிகளுக்கு டமாஸ்கஸ் என்று பெயர். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றிக் காய்ச்சி ஒட்டிய குழல் அது. புகையில்லா வெடிமருந்து வருவதற்கு முந்தைய கரிமருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால், இன்றைய தோட்டாவை அதில் போட்டுச் சுட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள பெயரைவிட அங்கே உள்ள சோதனை முத்திரைகளே (குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்து அடித்தவை) நம்பத் தக்கவை. 'நாட் ஃபார் பால்' (Not for Ball, ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்றிருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துச் சோதனை. 'நைட்ரோ புரூஃப்' (Nitro Proof, புகையில்லா மருந்துக்குச் சோதித்தது) என்றிருந்தால் 1896-க்குப் பிந்தையது. முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள் இருந்தால், மேலே எந்த ஆங்கிலப் பெயர் இருந்தாலும் குழல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டதே. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரை ஓரெழுத்து மாற்றிப் பொறித்து விற்ற காலமும் ஒன்று உண்டு.

அடுத்து, குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால், மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். ஓட்டைப் பானைபோல் கரகரத்தால், இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. குழல்களுக்கு அடியில் உள்ள மர முன்கட்டையை எடுத்துவிட்டு, மூடிய துப்பாக்கியைக் கைப்பிடியில் பிடித்து மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, குழலின் பின்முனைக்கும் அது பொருந்தும் முகப்புக்கும் நடுவே வெளிச்சம் புகுகிறதா என்றும் பாருங்கள். வாய்ப்பகுதியில் இரு குழல்களும் ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால், யாரோ அறுத்துக் குட்டையாக்கியிருக்கக்கூடும்; விலை அங்கேயே பாதாளத்துக்குப் போய்விடும்.

உட்சுவரில் துருக்குழிகள் இருந்தாலும், அவற்றைக் கடைந்து அகற்றியிருந்தாலும் சுவர் மெலிந்துவிடும். 'பன்னிரண்டு போர்' (12 bore) என்னும் அளவுக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். பின்முனையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் அளந்து, முத்திரையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். திருகுகளின் தலைகள் சிதைந்திருந்தால், வேலை தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

லண்டன் ஏலப் பட்டியலைப் பார்த்து இங்கே விலை சொல்லாதீர்கள். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், இந்தியச் சந்தையின் கணக்கே வேறு. இரண்டு கடைகளில் தனித்தனியே கேளுங்கள். கழற்றிப் பார்க்காமல் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும்; 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விற்பதற்கு முன்பே உங்கள் தந்தை மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.