பிரிட்டனில் தஞ்சம் கோருவோருக்கு ஹோட்டல். பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதில் மட்டும் ஏன் இழுத்தடிப்பு? இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

கஜானா ஒன்றுதான், துறையும் சட்டமும் வேறு. ஹோட்டலை மூடினால் அந்தப் பணம் தானாக இந்தப் பக்கம் வந்துவிடாது.

தஞ்சம் கோரி வந்தவர் கையில் காசில்லாமல் நின்றால் தங்குமிடமும் செலவுக்குப் பணமும் தர 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. பொறுப்பு உள்துறைக்கு. உண்மையில் குடைய வேண்டிய இடம் இதுதான். செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களோடு தங்குமிட ஏற்பாட்டுக்காக 2019-இல் தொடங்கிய பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு முதலில் போட்ட கணக்கு 450 கோடி பவுண்டு. 2025 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்ன தொகை 1,530 கோடி! தங்கவைக்கப்பட்டவர்களில் ஹோட்டல்வாசிகள் மூன்றில் ஒரு பங்குதான். செலவில் முக்கால்வாசி அவர்கள் பெயரில். ஆனால் சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவர் கைக்கு அந்த ஆண்டு வந்தது வாரம் பத்து பவுண்டுக்கும் குறைவு. மிச்சம் யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பயங்கரவாத இழப்பீடு நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. உச்சவரம்பு 5 லட்சம் பவுண்டு, 1996-இலிருந்து அசையவே இல்லை. பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2017 மான்செஸ்டர் குண்டுவெடிப்பு போன்ற தாக்குதலில் தப்பியவருக்கு மனக்காயம் தாமதமாகத் தலைதூக்கலாம். விதிவிலக்கு உண்டு, அதை நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். இந்த விதிகளை மாற்றச் சொல்லி நெருக்க வேண்டியது நீதி அமைச்சரை; ஹோட்டல் வாசலில் நிற்பவரை அல்ல.