துளை சின்னது, ஆபரேஷன் பெரியது

கேள்வி: வயது 52. இரண்டு வருடமாக இடுப்பு வலி, கால்வரை இழுக்கிறது. இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4 எலும்பு, அதற்குக் கீழுள்ள எல்5 மேல் நழுவியிருக்கிறதாம். சிறு துளை வழியாக எலும்பை இணைத்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாமா?

பதில்: துளைதான் சின்னது. நடு முதுகிலிருந்து மூன்று, நான்கு செ.மீ. தள்ளி, இருபுறமும் சுமார் 3 செ.மீ. கீறி, தசையை வெட்டாமல் விலக்கி, 22 மி.மீ. அளவுள்ள குழாயை இறக்குவார்கள். அதன் வழியே இரு எலும்புக்கும் நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்கைச் சுரண்டி எடுத்து, எலும்புத் துருவல் அடைத்த ‘கேஜ்’ என்ற சிறு கூட்டை வைப்பார்கள். பிறகு ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. ரத்தச் சேதம் குறைவு. பெரும்பாலும் மறுநாளே நடக்கவிடுவார்கள்.

ஆனால் ஸ்க்ரூ என்பது கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சென்ட்ரிங் முட்டு மாதிரி. எலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 மாதம் ஆகும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பைச் சேரவிடாது, ஸ்க்ரூ தளரும். மேசை வேலைக்கு நாலைந்து வாரம், மூட்டை தூக்க மூன்று மாதத்துக்கு மேல்.

குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தீர்களா? எலும்பு அசைகிறதா என்பது அதில்தான் தெரியும். நழுவல் இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்க மாட்டோம். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.