'நல்ல அதிர்ஷ்டம்' என்று நம் அம்மா சொன்னதுண்டா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் திருச்சிக்காரி. மூன்று வருடமாகப் போர்ட்டோவில் இருக்கிறேன். பேக்கரியோடு சேர்ந்த ஒரு காபிக் கடையில் வேலை. போர்த்துகீசு ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் யாரையாவது வாழ்த்த வேண்டிய இடத்தில் தடுமாறிப் போகிறேன். கூட வேலை செய்யும் பெண் பிரசவ விடுப்பில் கிளம்பினாள். எனக்குத் தெரிந்த 'போவ ஸோர்த்' என்பதைச் சொன்னேன். ஒரு நொடி எல்லோரும் அமைதியானார்கள். அப்புறம் அடுப்படியில் இருக்கும் பெரியம்மா அவள் கையைப் பிடித்து வேறு ஏதோ சொல்ல, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம், கணவருக்கு அறுவை சிகிச்சை என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரிடமும் அதையே சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. 'போவ ஸோர்த்' என்றால் 'குட் லக்' தானே? பிரேசில் தோழி ஒருத்தி எனக்காகத் 'தொர்ஸேர்' செய்வதாகச் சொல்கிறாள். அகராதியில் பார்த்தால் 'முறுக்குதல்' என்று இருக்கிறது. இன்னொரு சக ஊழியரின் மகள் அடுத்த மாதம் நாடக மேடை ஏறுகிறாள். எனக்கும் மொழித் தேர்வு வருகிறது. எங்கே எதைச் சொல்வது?
- பெயர் வேண்டாம், போர்ட்டோ

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னது கெட்ட வார்த்தை இல்லை. அந்த இருவருமே உங்கள் நல்ல எண்ணத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு நொடி அமைதியை நீங்கள் கவனித்தீர்களே, அது சரியான கவனிப்புதான்.

'போவ' என்றால் நல்ல. 'ஸோர்த்' என்றால் அதிர்ஷ்டம். கடைசியில் வரும் உயிரெழுத்தைப் போர்ச்சுகலில் விழுங்கிவிடுவார்கள். உங்கள் பிரேசில் தோழி 'ஸோர்ச்சி' என்பாள். இந்தச் சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே அதன் பொருள், குலுக்கிப் போட்டு எடுக்கும் சீட்டு. அந்த வாசனை இன்னும் போகவில்லை. குலுக்கலுக்கு 'ஸுர்தேயு' என்று பெயர். லாட்டரியின் முதல் பரிசு 'ஸோர்த் கிராந்த்', பெரிய அதிர்ஷ்டம். லிஸ்பனில் 'சாந்தா காசா' என்ற அறநிலையம் 1783 முதல் லாட்டரி நடத்திவருகிறது. அதனால் இந்தச் சொல் ஊர் வாயில் சீட்டோடு சேர்ந்தே புழங்குகிறது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பையன்கள் ராணுவ ஆள்சேர்ப்புப் பரிசோதனைக்குப் போவதைக்கூட 'ஸோர்த்துக்குப் போகிறான்' என்றுதான் சொன்னார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிறைமாதப் பெண்ணிடமும், கணவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் மனைவியிடமும் 'சீட்டு உங்கள் பக்கம் விழட்டும்' என்ற சாயலில் ஒரு வாழ்த்து. அவர்கள் நெஞ்சுக்குள் ஏற்கெனவே இருக்கிற பயத்தை அது லேசாகத் தொட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. நீங்கள் தமிழிலிருந்து போர்த்துகீசுக்குப் போகவில்லை. ஆங்கிலத்தின் 'குட் லக்' வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். பரீட்சைக்குக் கிளம்பும்போது உங்கள் அம்மா என்ன சொன்னார்? 'நல்ல அதிர்ஷ்டம்' என்று எந்தத் தமிழ் அம்மாவாவது சொன்னதுண்டா? 'நல்லபடியா எழுது', 'எல்லாம் நல்லபடியா நடக்கும், போய்ட்டு வா' என்பார். போர்த்துகீசியர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். நம் வீட்டுப் பேச்சிலிருந்து நேராகப் போனால் பாதி தூரம் குறைந்துவிடும்.

'கெ கோர்ர தூது பெய்ங்.' எல்லாம் நல்லபடியாக ஓடட்டும் என்று பொருள். 'வாய் குர்ரேர் தூது பெய்ங்' என்றால், எல்லாம் நல்லபடியாக நடக்கும். முதலாவது வாழ்த்து, இரண்டாவது தைரியம் சொல்வது. அறுவை சிகிச்சை, விசா அலுவலகம், வீடு மாறுதல், புது வேலை, மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று எதற்கும் இவை பொருந்தும். பிரேசிலில் 'வாய் தார் தூது செர்த்து' என்பார்கள், எல்லாம் சரியாக வரும் என்று. எதுவும் தோன்றாத நேரத்தில் 'போவ ஸோர்த்'தை விட்டுவிட்டு 'கெ கோர்ர தூது பெய்ங்' சொல்லுங்கள். எங்கேயும் முகம் மாறாது. அந்த வாடிக்கையாளர் மறுபடி கடைக்கு வந்தால், கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, 'அஷ் மெல்யோரஷ்' என்று சொல்லுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. உடம்பு சரியில்லாதவருக்கும் சொல்லலாம், அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் சொல்லி அனுப்பலாம். சிகிச்சை நீண்டுகொண்டே போகிறது என்றால் 'ஃபோர்ஸ', அதாவது தெம்பாக இருங்கள்.

சரி, அந்தப் பெரியம்மா என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரிந்தவரை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்: 'ஊம ஓர பெக்கெனீன.' சின்னஞ்சிறு ஒரு மணி நேரம். பிரசவ வலி அந்த அளவோடு முடிந்து பிள்ளை கைக்கு வரட்டும் என்று அர்த்தம். போர்ச்சுகலில் கர்ப்பிணிக்குச் சொல்லும் பழைய வாழ்த்து இது. நாம் 'சுகப்பிரசவம் ஆகணும்' என்று வேண்டிக்கொள்வதைவிட இது இன்னும் நெருக்கமாக வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். வலி இல்லாமல் பெறு என்று அது பொய் சொல்வதில்லை. வலி இருக்கும், அது சின்னதாக இருக்கட்டும் என்கிறது. நான் லிஸ்பனில் இருந்த காலத்தில் கீழ்வீட்டுப் பாட்டி என் வயிற்றைப் பார்த்து இதைச் சொன்னபோது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பிறகு ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். ஊரில் அம்மா இல்லாத குறையை அந்த மூன்று சொல் கொஞ்சம் ஆற்றியது. உங்கள் தோழியின் கண் ஏன் கலங்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டுப் பேச்சு அங்கே செல்லும் என்றேனே, அதற்கு இன்னும் சில இடங்கள் உண்டு. புது வேலையில் சேரும்போதும் புது வருடம் பிறக்கும்போதும் 'வலது காலோடு நுழைவது' அவர்களுக்கும் நல்ல தொடக்கம். 'பே திரெய்து' என்றால் வலது கால். மருமகளை 'வலது காலை எடுத்து வச்சு வாம்மா' என்று அழைத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். யாராவது உங்களிடம் 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்றால் 'தேவுஷ் தெ ஓஸ' என்று பதில் சொல்லிப் பாருங்கள். கடவுள் உன் சொல்லைக் கேட்கட்டும் என்பது அதன் பொருள். 'உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்' என்று நாம் சொல்வோமே, அதே இடம், அதே குரல். 'ஸெ தேவுஷ் கிஸேர்' என்றால் கடவுள் நினைத்தால். இதைச் சொல்ல பக்திமானாக இருக்க வேண்டியதில்லை. பாட்டிகள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் வாக்கியங்களில் இது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'ஒஷலா' என்று ஒன்றும் காதில் விழும். அப்படியே நடக்கட்டும் என்ற ஏக்கம். இது அரபியிலிருந்து வந்த சொல். 'இன்ஷா அல்லாஹ்' கேட்டுப் பழகிய காதுக்கு அந்த உறவு உடனே பிடிபடும். பிரேசிலில் இதே இடத்தில் 'தொமார' என்பார்கள்.

அபசகுனமாக யாராவது பேசிவிட்டால் மேசையை விரலால் தட்டுவார்கள், மரத்தில் தட்டுவது வழக்கம். கூடவே வயதானவர்கள் 'லகார்து, லகார்து, லகார்து' என்று மும்முறை சொல்வதையும் கேட்கலாம். லகார்து என்றால் ஓணான், பல்லி வகை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் ஊரிலிருந்து போன நமக்கு, கெட்டதை விரட்டப் பல்லியின் பெயரைக் கூப்பிடும் ஊர் அந்நியமாகவே தோன்றாது. 'வீர எஸ போக்க பர லா' என்றால் அந்த வாயை அந்தப் பக்கம் திருப்பு. நம்முடைய 'வாயைக் கழுவு' தான். இதை நீங்கள் மூத்தவரிடம் சொல்லிவிடாதீர்கள், தோழிகளுக்குள் சரி.

தொர்ஸேர் விஷயத்துக்கு வருகிறேன். அகராதி சொன்னது உண்மைதான், துணியை முறுக்கிப் பிழிவதற்கும் அதே சொல். ஆனால் 'உனக்காகத் தொர்ஸேர்' என்றால் மனசார உன் பக்கம் நிற்கிறேன் என்று பொருள். பிரேசிலில் கால்பந்து ரசிகர் கூட்டத்துக்கே 'தொர்ஸீத' என்றுதான் பெயர். ஆட்டம் பார்க்க வந்த பெண்கள் பதற்றத்தில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்ததால் இந்தச் சொல் வந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, படம் சரியாக இருக்கிறது: நமக்கு வேண்டியவர் உள்ளே பரீட்சை எழுதும்போது வெளியே முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்கிறோமே, அது. போர்ச்சுகலில் இதையே 'ஃபஸேர் ஃபீகஷ்' என்றும் சொல்வார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் விரல்மேல் விரல் கோத்துக் காட்டி. 'ஃபீக' என்பது முதலில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கட்டைவிரலை நுழைத்த கை முத்திரை. அந்தக் கை வடிவில் சின்னத் தாயத்து செய்து, கண் படாமல் இருக்கப் பச்சைக் குழந்தைக்கு அணிவிக்கும் வழக்கம் உண்டு. கண்ணேறுக்கு அங்கே பெயர் 'மாவு ஒல்யாது', கெட்ட பார்வை. நாம் குழந்தை கன்னத்தில் மை வைக்கிறோம், அவ்வளவே வித்தியாசம்.

நாடகம் மட்டும் தனிக் கதை. மேடை ஏறப் போகிறவரிடம் 'போவ ஸோர்த்' சொல்லக் கூடாது என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. பதிலாக 'முய்ந்த மெர்த' என்பார்கள். கேட்டு அதிர்ச்சி அடையாதீர்கள், 'நிறைய மலம்' என்றுதான் பொருள். வழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. வாசலில் குதிரை வண்டிகள் நிறைய வந்து நின்றால் சாணமும் நிறைய விழும், சாணம் நிறைய என்றால் கூட்டம் நிறைய என்று விளக்கம் சொல்வார்கள். பதிலுக்கு நன்றி சொல்லக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. ஆனால் இந்தச் சொல் மேடைக்கு வெளியே வசவுதான். அதனால் அந்தப் பெண்ணை முதல் முறை பார்க்கிறீர்கள் என்றால், அவள் அம்மாவே இப்படி வாழ்த்துகிறாரா என்று கவனியுங்கள். அவர் சொன்னால் நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இல்லையென்றால் 'கெ கோர்ர தூது பெய்ங்' போதும்.

அப்படியானால் 'போவ ஸோர்த்' எதற்குத்தான்? உங்கள் கடையிலேயே அதற்கு வேலை இருக்கிறது. காபி குடிக்க வருகிறவர் சுரண்டல் லாட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு காசால் சுரண்டுவாரே, அந்த 'ரஸ்பதீஞ'வுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து கிடையாது. விளையாட்டுப் போட்டி, நேர்காணல், ஓட்டுநர் தேர்வு, பரீட்சை, இவற்றுக்கெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். உங்கள் மொழித் தேர்வுக்கு உங்களிடம் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். 'ஒப்ரிகாத' என்று நன்றி சொல்லுங்கள். பெண் சொல்லும்போது கடைசியில் 'த', ஆண் என்றால் 'து'. அவரும் தேர்வு எழுதுகிறவர் என்றால் 'இகுவல்மெந்த்', உங்களுக்கும் அப்படியே.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒருவர் உழைத்து ஒன்றைப் பெற்றபின் 'கெ ஸோர்த்', என்ன அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள். பதவி உயர்வு வந்தவரிடம் 'உனக்கு மச்சம்' என்று சொன்னால் நம்மூரிலும் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும் இல்லையா? 'பரபெய்ங்ஷ்' என்று பாராட்டிவிட்டு, 'பெய்ங் மெரெஸீது', உனக்குத் தகுந்ததுதான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவர், அதிகம் பழகாதவர் என்றால் 'உனக்கு' என்று சொல்லும் 'பர தீ' வேண்டாம். 'பர ஸீ' என்று 'உங்களுக்கு' போடுங்கள். பிரேசிலில் எல்லோரையும் 'வொஸே', அதாவது 'நீ', என்று அழைத்துப் பழகிய வாயோடு போர்ட்டோவில் ஒரு பாட்டியை அப்படி அழைத்தால் அவருக்கு அது பிடிக்காமல் போகலாம். பெயருக்கு முன்னால் 'தோன' என்று, பெண்களுக்கான அந்த மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடுவது எப்போதும் பாதுகாப்பு.

உச்சரிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதியது முழுக்கச் சரியாக வராது, எனக்குத் தெரியும். 1554-ல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் ஒரு ஜெபப் புத்தகமாக அச்சிட்டார்கள். அவர்களும் நம்முடைய ழகரத்தோடு இப்படித்தான் போராடியிருப்பார்கள். அந்தப் பெரியம்மாவிடம் மாவு பிசையும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பதே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை என்றால், இன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். எழுத வேண்டாம், உங்கள் குரலிலேயே போகட்டும். அவள் பெயரைச் சொல்லி, 'ஊம ஓர பெக்கெனீன'. பிறந்துவிட்டது என்றால் 'பரபெய்ங்ஷ்', அப்புறம் 'முய்ந்த ஸவூத்', நிறைய ஆரோக்கியம். அதோடு கடையிலிருந்து அவளுக்குப் பிடித்த பண்டம் எதையாவது கட்டி எடுத்துக்கொண்டு பார்க்கப் போய் வாருங்கள்.

அன்புடன்,
அக்கா