சார்ல்ஸ் ரசல் பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது?

சட்டக் கல்லூரியில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கறிஞர் சார்ல்ஸ் ரசல் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், கையில் வெறும் ஆண்டுகள்தான் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுகளை ஓரமாக வையுங்கள். 1889 பிப்ரவரியில் லண்டனில், விசாரணை ஆணையத்தின் முன் பிகாட் என்ற ஐரிஷ் பத்திரிகையாளரை அவர் குறுக்கு விசாரணை செய்த காட்சியில் நேராகத் தொடங்குங்கள்.

அயர்லாந்துத் தலைவர் பார்னெல் ஒரு கொலையை நியாயப்படுத்தி எழுதியதாக டைம்ஸ் நாளிதழ் ஒரு கடிதத்தை வெளியிட்டிருந்தது. அதுவும் அதோடு வந்த மற்றக் கடிதங்களும் போலி, பிகாட்டின் கைவரிசை. டைம்ஸின் குற்றச்சாட்டுகளை ஆராயத்தான் அந்த ஆணையம், அங்கே ரசல் பார்னெலின் வழக்கறிஞர். ரசல் எழுந்தவுடன் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துச் சில சொற்களை எழுதச் சொன்னார், அதில் 'ஹெசிடன்சி'யும் (hesitancy, தயக்கம்) ஒன்று, 'a' வர வேண்டிய இடத்தில் 'e' போட்டார் பிகாட், அந்தப் போலிக் கடிதங்களில் ஒன்றிலும் அதே பிழைதான் இருந்தது! சில நாட்களில் அவர் தப்பி ஓடி, மாட்ரிட்டில் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

அப்புறம் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 1832இல் அயர்லாந்தின் நியூரியில் பிறந்த கத்தோலிக்கர், முதலில் பெல்ஃபாஸ்டில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை தந்து வழக்கைத் தயாரிப்பவர்), 1859இல் லண்டனில் பாரிஸ்டர் (உயர் நீதிமன்றங்களில் வாதாடுபவர்), 1894இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி.

தோல்வியையும் விடாதீர்கள், எனக்கு அவரை இன்னும் நெருக்கமாக்கியது அதுதான். அதே 1889இல் கணவனை நஞ்சிட்டுக் கொன்றதாக வழக்கில் சிக்கிய ஃப்ளாரன்ஸ் மேபிரிக்குக்காக வாதாடித் தோற்றார், தலைமை நீதிபதியான பிறகும் அவருடைய விடுதலைக்காக முயன்றுகொண்டே இருந்தார். விடுதலை கிடைத்தது 1904இல், ரசல் இறந்து நான்கு ஆண்டு கழித்து.