முப்பது பேருக்குப் பழங்கள் சேர்த்த தானிய சலட் செய்வது எப்படி?

ஏப்ரல் விடுமுறையில் வீட்டுக்கு வரும் முப்பது உறவினருக்குப் பகல் விருந்தில் பழங்கள் கலந்த தானிய சலட் ஒன்றை வைக்கலாமா, எந்தத் தானியம் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். நீங்களும் என்னைப் போல ஒரு வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, சோற்றுக்கும் கோழிக்கறிக்கும் நடுவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன். நான் சமையற்கலை படித்தவள் அல்லள்; நுவரெலியாவில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. இதே சலட்டை ஒரு சீசனில் முற்றாகக் கெடுத்து, அடுத்த சீசனில் ஒருவாறு ஒழுங்காகச் செய்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஏப்ரல் பிறந்ததும் இங்கே அறை வாடகை ஏறும். அது ஏறியதும் கொழும்பிலும் வத்தளையிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நம்மீதுள்ள பாசமும் ஏறும். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க வந்து, நம் வீட்டில் தங்குவதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. புறப்படும்போது, "இங்கே மரக்கறி மலிவுதானே" என்று லீக்ஸும் கரட்டும் கட்டித்தரச் சொல்வதுதான் சிறிது உறுத்துகிறது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் விளைந்ததையே அந்தக் கிழமையில் நாமும் சீசன் விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

முதல் ஆண்டில் நான் தேர்ந்தெடுத்த தானியம் பார்லி. அது தவறான தெரிவு அன்று. இன்றும் அதையே சொல்வேன். வெந்த பிறகும் மணி மணியாக நிற்கும், சாறு ஊற்றினாலும் சட்டென்று கரையாது, எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். காணொளியில் ஊறிய பார்லியை 25 நிமிடம் வேகவிடச் சொன்னார்கள்; நானும் கடிகாரத்தைப் பார்த்து 25 நிமிடம் வேகவிட்டேன். எடுத்துக் கடித்தால் நடுவில் சுண்ணக்கட்டி போல ஒரு பொட்டு வேகாமல் இருந்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. பருப்பு வேகவைக்கும்போதெல்லாம் கை தானாகவே கூடுதல் நேரம் கொடுத்துப் பழகியிருந்தும், காணொளிக்காரி சொன்னாள் என்றதும் அந்தப் பழக்கம் எங்கேயோ போய்விட்டது.

விருந்தினர் வர ஒரு மணி நேரம்கூட இல்லாத பதற்றத்தில், அரைவேக்காட்டுப் பார்லியை அப்படியே பிரஷர் குக்கரில் போட்டு, விசிலை எண்ணாமல் விட்டுவிட்டேன். திறந்தபோது கஞ்சி. கலக்கினால் கரண்டி நிற்கும் பதத்தில் நல்ல கெட்டிக் கஞ்சி. (குக்கரில் வேகவைத்தால் குழையாது, உனக்குத்தான் தெரியவில்லை என்று எழுத இப்போதே யாரோ தயாராக இருப்பீர்கள். உண்மைதான், பொறுமையாக அளவு பார்த்துச் செய்தால் குக்கர் மலைநாட்டுக்கு ஏற்ற பாத்திரமே. அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை.)

அத்தோடு நின்றிருந்தாலும் மானம் தப்பியிருக்கும். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சேர்ந்தால் யாருக்குத்தான் பிடிக்காது என்று, காலையிலேயே தயிரில் பாணியைக் கலந்து, பச்சை அன்னாசித் துண்டுகளை அதற்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் அது தண்ணீர்விட்டு, நாக்கில் வைக்க முடியாத கசப்பாக மாறியிருந்தது. அன்னாசியில் புரொமலைன் என்னும் நொதியம் இருக்கிறது. அது பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும் என்பதை அன்று மாலை அழுகை அடங்கிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்னாசியை வெறும் தாச்சியில் உள்ளே நன்றாகச் சூடேறும்வரை பிரட்டி எடுத்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும், ஓரங்கள் சற்றுச் சிவந்து இனிப்பும் கூடும்.

மேசையில் வைத்ததை எட்டிப் பார்த்த பெரியம்மா, எல்லாரும் கேட்கும்படி, "யாருக்கும்மா நீர்க்கடுப்பு?" என்று கேட்டார். நம் வீடுகளில் பார்லி என்றால் காய்ச்சி வடித்துக் குடிக்கும் மருந்துத் தண்ணீர்தானே. அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் சிரித்தவர்களில் ஒருவர், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சம்பலும் போதாதா, இதெல்லாம் எதற்கு" என்று சொன்னதை மட்டும் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தோட்டத்துக்கு வருவதற்கு முன்பு எங்கள் பாட்டன் பூட்டன் கேழ்வரகும் கம்பும் தினையும் விளைந்த புன்செய் ஊர்களில் இருந்தவர்கள். அரிசியையும் கோதுமை மாவையும் பேரேட்டில் எழுதிக் கொடுத்த காலத்தில்தான் எங்கள் அடுப்பில் ரொட்டி நிலைத்தது. ஆகவே தானியம் எங்களுக்குப் புதுப் பகட்டு அன்று என்பதை இந்த இடத்திலாவது எழுதி வைக்கிறேன்.

வேறு தானியம் வேண்டுமென்றால், சிவப்பரிசி நன்றாக அமையும். நெருக்கி வேகவைக்காமல் நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்தால் உதிரியாக நிற்கும். தினையும் சாமையும் கிடைத்தால் அவையும் சரி, ஆனால் மிகச் சீக்கிரம் வெந்துவிடுவதால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முழுக் குரக்கனை மட்டும் முயலாதீர்கள். அதன் இடம் மாவிலும் களியிலும்தான், சலட்டில் மணல் மாதிரி பல்லில் நெருடும். உங்கள் வீட்டுக்கு வருபவர்களில் கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் பார்லியையும் தவிர்த்துவிடுங்கள்; பார்லியிலும் அதே வகைப் புரதம் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அரிசியோ தினையோதான் பாதுகாப்பு.

மற்றக் கறிகளோடு சேர்த்துப் பரிமாறும்போது முப்பது பேருக்கு ஒரு கிலோ பார்லி போதும். வெந்ததும் அது ஏறத்தாழ மூன்று கிலோவாகப் பெருகும். முதல் நாள் மாலையில் கழுவி ஊற வையுங்கள். இரவு சமையல் முடிந்ததும், பெரிய பானையில் உப்பிட்ட தண்ணீரை நிறையக் கொதிக்கவைத்து, அதில் வேகவிடுங்கள். என் அடுப்பில் ஊறிய பார்லிக்கு 50 நிமிடம் எடுக்கிறது. நீங்கள் கண்டிப் பக்கம் இருந்தால் குறையலாம். 30ஆம் நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். வடித்தவுடன் அகன்ற தட்டுகளில் பரப்பி ஆவியைப் போகவிடுங்கள், பானையிலேயே குவித்து வைத்தால் உள்சூட்டில் குழையும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேசிக்காய்ச் சாற்றில் பாதியையும் உப்பையும் சேர்த்துவிட வேண்டும். ஆறிய தானியம் புளிப்பை உள்ளே இழுக்காது, மேலே வழியத்தான் விடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். நுவரெலியாக் குளிரே போதும் என்று மேசையில் விட்டுவிடுபவர்கள் உண்டு. வேகவைத்த தானியத்தில் பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநிலையிலும் சாகாமல் இருக்கக்கூடும். நம் இரவுக் குளிர் அவற்றை அடக்கும் அளவுக்குப் போதாது.

எண்ணெய் விடயத்தில் நான் இரண்டாம் ஆண்டிலும் சறுக்கவிருந்தேன். கையில் இருந்த தேங்காயெண்ணெயை ஊற்றி ஒரு சிறு கிண்ணத்தில் கலந்து பார்த்தபோது, சற்று நேரத்தில் பார்லி மணிகளில் வெள்ளை வெள்ளையாக மெழுகு படிந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும்; நம் குசினியில் பெரும்பாலான காலை வேளைகளில் போத்தலைக் கவிழ்த்தாலும் அது விழுவதில்லை. சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்துங்கள். எட்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஏழெட்டுக் கொடித்தோடம்பழங்களின் சதை, நாலு தேசிக்காயின் சாறு, ஐந்து மேசைக்கரண்டி கித்துள் பாணி, உப்பு, நுணுக்கிய மிளகு, பொடியாக அரிந்த இரண்டு பச்சை மிளகாய்: இவ்வளவுதான் சாறு. மிளகாய் எதற்கு என்று கேட்பவர்கள், தெருவோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசியைச் சாப்பிட்டதில்லையா? பாணி கித்துள் மரத்தில் இறக்கியது என்பதால் நீரிழிவுக்காரர் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சொல்ல மாட்டேன், அதுவும் சீனிதான். என் அத்தைக்காக ஒரு சிறு பங்கைப் பாணி இல்லாமல் தனியே எடுத்து வைப்பேன்.

பழங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ அளவில் இருக்கட்டும். சூடேற்றிய அன்னாசி, மாதுளை முத்து, மரத்தக்காளி ஆகியவை என் தெரிவு. மரத்தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள், தோல் கசக்கும். பழுத்த பப்பாசியும் வாழைப்பழமும் கலக்கும்போதே மசிந்துவிடும். அவற்றுக்கு ஐஸ்கிறீமோடு வைக்கும் புரூட் சலட்டில் இடம் இருக்கிறது. புதினாவையும் வறுத்த கஜுவையும் ஸ்ட்ரோபெரியையும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு போடுங்கள். முன்கூட்டியே போட்டால் கஜு நமத்துப்போகும், ஸ்ட்ரோபெரி அத்தனை தானியத்தையும் சிவப்பாக்கும்.

இரண்டாம் முறை வைத்தபோது பெரியம்மா மறுபடியும் போட்டுக்கொண்டார். அப்போதும், "மருந்துக்கு மருந்து, விருந்துக்கு விருந்து" என்று குத்தத்தான் செய்தார்.

பகல் சாப்பாட்டுக்கே வையுங்கள். ஏப்ரலில் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் இடியும் மழையும் வந்துவிடும், அதன் பிறகு குளிர்ந்த சலட்டை ஒருவரும் தொடமாட்டார்கள், தேநீரும் வடையும்தான் கேட்பார்கள். அரை மணி நேரம் முன்பே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதமானதை அன்றிரவே முடித்துவிடுவது நல்லது.