புதுக்கவிதைக்காரருக்கு யாப்பு எதற்கு? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புதுக்கவிதை எழுதுகிறேன். யாப்பை முழுவதும் கற்ற பின்பே பேனாவைத் தொட வேண்டும் என்கிறார் ஊரிலுள்ள தமிழாசிரியர் ஒருவர். மீறப்போகும் விதியை எதற்காகப் படிக்க வேண்டும்? இலக்கணம் எதுவுமில்லாத என் கவிதையொன்றை இணைத்திருக்கிறேன். அதன் தொடக்கம்:

மழையில் நனைந்த மதிலின் ஓரம்
பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்து
நிற்கிறது

– ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள நண்பருக்கு,

இலக்கணம் எதுவுமில்லை என்று நீங்கள் சொல்லும் கவிதையின் முதலிரண்டு வரிகளும் அகவலடிகள், அதாவது ஆசிரியப்பாவின் அடிகள். வரிக்கு நான்கு சீர், எல்லாமே இரண்டு அசை கொண்ட ஈரசைச்சீர். முதல் வரியில் மழைக்கும் மதிலுக்கும் பொழிப்பு மோனை (முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒரே எழுத்தில் தொடங்குவது). மழை, பழைய என்று அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் அடியெதுகைகூட அமைந்திருக்கிறது. பாடசாலையில் மனனம் செய்த செய்யுள்களின் ஓசை உங்களை அறியாமலே உங்கள் கையை நடத்தியிருக்கிறது. மூன்றாம் வரியில் 'நிற்கிறது' என்ற ஒரே சீர் தனித்து வருவது அழகாயிருப்பதற்கும் அந்த ஒழுங்கே காரணம். நாற்சீரை எதிர்பார்த்து வந்த காது அங்கே தடைப்படுகிறது. ஆனால் அதற்குப் பின்வரும் வரிகள் அனைத்தையும் அதேபோல ஒற்றைச் சொற்களாக உடைத்திருப்பதால், முதல் முறிவின் பலம் விரைவிலேயே தீர்ந்துவிடுகிறது. எதை எங்கே மீறினோம் என்று தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் ஊருக்கு அருகே, அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) யாப்பைக் கைவிடாமலே பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். சீர்க்கணக்குப்படி அடியை அச்சிடும் வழக்கத்தை விட்டு, பேச்சும் பொருளும் நிற்கும் இடங்களில் வரியை முறித்தார். 1966இல் வெளிவந்த 'குறும்பா'வில் லிமரிக் என்னும் ஆங்கில ஐந்துவரி நகைச்சுவைப் பாவைத் தமிழோசைக்கு இசைய அமைத்தார். ஓசை எங்கே முடிகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவரால்தான் வரியை வேறோர் இடத்தில் துணிந்து முறிக்க முடியும். வசனகவிதை எழுதிய பாரதியும், வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் நான்கையும் மாறிமாறித் தொடுக்க வேண்டிய நான்மணிமாலையை விநாயகர்மீது பாடியவர்தான்.

'முழுவதும் கற்ற பின்பே' என்ற ஆசிரியரின் நிபந்தனையை மட்டும் நான் ஏற்கவில்லை. (யாப்பை முழுவதும் கற்றும் ஒரு நல்ல கவிதை எழுதாதவர்கள் நம்மிடையே குறைவில்லை.) எழுதுவதை நிறுத்தாமல், கூடவே வெண்பாவும் பழகுங்கள். ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதற்கேற்ற அசையில்தான் அடுத்த சீர் தொடங்கலாம்; மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வந்தாக வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாட்டில், முதலில் தோன்றும் சொல் பெரும்பாலும் பொருந்தாது. இன்னொன்றை, பிறகு வேறொன்றைத் தேட நேரும். உங்கள் கவிதையின் பிற்பகுதியில் நான் காணாதது அந்தத் தேடலைத்தான். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையில் உறுப்பியலும், செய்யுளியலில் வெண்பா, ஆசிரியப்பா பற்றிய பகுதிகளும் இப்போதைக்குப் போதும். ஒழிபியலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.