ஆலை வடிவமைப்புத் துறைக்குப் போக விரும்பும் மகளின் தந்தைக்கு

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் ஐடி நிறுவனங்களின் வளாகத் தேர்வுகளை விட்டுவிட்டு ஆலை வடிவமைப்புக்குப் போக விரும்புவதாகவும், அதற்காக ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாத மென்பொருள் படிப்புக்கு 60,000 ரூபாய் கேட்பதாகவும், ‘கடைசியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலைதானே’ என்று தங்களுக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

மணலி சுத்திகரிப்பு ஆலை எழுந்த 1960களில் இவ்வகை வடிவமைப்பு டிராயிங் போர்டிலும் பிளாஸ்டிக்கில் செய்த சிறு மாதிரிகளிலும்தான் நடந்தது. 1970களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான பிடிஎம்எஸ் என்ற மென்பொருள் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதன் வாரிசான அவீவா இ3டியும், ஹெக்ஸகானின் ஸ்மார்ட் 3டியும் இன்று பெரிய திட்டங்களில் பரவலாகப் பயன்படுகின்றன. திரையில் தெரிவது குழாயும் பம்பும் இரும்புச் சட்டமும்தான் என்றாலும், அவற்றின் அடியில் இருப்பது ஒரு டேட்டாபேஸ். ஒரு குழாயைத் தொட்டால் அதன் லைன் எண், அளவு, உலோகம், அழுத்த வகுப்பு, இன்சுலேஷன் எல்லாம் வரும், வெல்டர் கையில் போகிற ஐசோமெட்ரிக் படமும் (ஒரு குழாய்வழியை முப்பரிமாணத் தோற்றத்தில் அளவுகளோடு காட்டும் படம்) வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலும் அதிலிருந்தே உருவாகும்.

அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்தும் தங்களுக்கு இதை ஃபிளேஞ்ச், அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம், வைத்தே சொல்லலாம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் பி16.5 தரத்தின்படி 6 அங்குல ஃபிளேஞ்சில் 150 வகுப்புக்கு 8 போல்ட் துளைகள், 300 வகுப்புக்கு 12; துளைவட்டத்தின் விட்டமும் முன்னதில் 241.3 மில்லிமீட்டர், பின்னதில் 269.9. பம்பின் டேட்டா ஷீட்டில் (விவரத் தாளில்) 300 என்றும் கணினி மாதிரியில் 150 என்றும் இருந்தால், குழாய் அதே 6 அங்குலம் என்பதால் திரையைச் சுற்றிப் பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் படாது. கிளாஷ் சோதனையும் இதைப் பிடிப்பது அரிது, ஏனெனில் அது ஒன்றோடொன்று இடிப்பதைத்தான் தேடும். பிறகு கிரேனில் பம்பு இறங்கிய நாளில்தான் துளைகள் சேரவில்லை என்று தெரியவரும்.

தகவல் நிர்வாகம் என்று தனியாக ஒரு பணி உருவானது இதனால்தான். ஒரே பம்பு பி அண்ட் ஐடியிலும் (ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் குறியீடுகளால் காட்டும் வரைபடம்), டேட்டா ஷீட்டிலும், வெண்டர் (பொருளைச் செய்து தருபவர்) தரும் படத்திலும், கேபிள் பட்டியலிலும், உதிரிபாகப் பட்டியலிலும் வரும். ஓரிடத்தில் பி-101ஏ என்றும் இன்னோரிடத்தில் பி101ஏ என்றும் தட்டச்சு செய்திருந்தால் கணினிக்கு அவை இரண்டு பம்புகள். இப்படித் தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறையின் ஒரு பிரிவில் மட்டும் ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் வீணாகிறது என்று அந்நாட்டின் தர நிறுவனமான நிஸ்ட் 2004இல் கணக்கிட்டது. ஐஎஸ்ஓ 15926, சிஃபிஹோஸ் ஆகிய தரங்கள் இத்தகவல்களுக்கு ஒரு பொது மொழி தருவதற்காக உண்டானவை. ஆலையை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது மாதிரியோடு இத்தகவல்களும் ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும்.

நான் ஆலோசனைப் பணிக்கு வருமுன் பைப்பிங் பிரிவில் இருந்தேன். ஒரு திட்டத்தில் வால்வின் நீளத்தை மாற்றி வெண்டர் அனுப்பிய ரிவிஷன் 2 (இரண்டாம் திருத்த) படம், பதிவேட்டில் ஏறாமல் யாரோ ஒருவரின் மின்னஞ்சலிலேயே கிடந்தது. நாங்கள் ரிவிஷன் 1ஐ நம்பி அழகாக மாதிரி செய்தோம். தளத்தில் ஸ்பூலை (முன்கூட்டியே வெல்டு செய்து வந்த குழாய்த்துண்டை) வெட்டி, மீண்டும் வெல்டு செய்து, ஒவ்வொரு வெல்டுக்கும் மறுபடி ரேடியோகிராஃபி (கதிர்ப்படச் சோதனை) எடுக்கவேண்டியதாயிற்று. எங்களில் எவருக்கும் மென்பொருள் தெரியாமலில்லை.

ஆகவே அந்த 60,000 ரூபாயை இப்போது கட்டவேண்டாம் என்பதே என் கருத்து. எந்தப் பொத்தானை அழுத்தினால் எல்போ (குழாய் வளைவு) வரும் என்பதை வேலையில் சேர்ந்த சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அந்த எல்போ ஏன் அங்கே வருகிறது என்பதை அப்படிக் கற்க முடியாது. முதலில் பி அண்ட் ஐடி படிக்கவும், பி31.3 குழாய்த் தரத்தின் அடிப்படைகளைப் புரிந்துகொள்ளவும் பழகட்டும். பிறகு எக்ஸெலில் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு முரண்களைக் கண்டுபிடிப்பது, டேட்டாபேஸில் தேடுவதற்கான எஸ்க்யூஎல் ஓரளவு, முடிந்தால் பைத்தான் என்ற நிரல்மொழி. மென்பொருளைத் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆட்டோகேட் பிளாண்ட் 3டியை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தருகிறது.

சென்னையில் இதற்கு இடம் இல்லாமலில்லை: எல் அண்ட் டி, டெக்னிப் எனர்ஜீஸ், மெக்டெர்மாட் போன்றவற்றின் பொறியியல் அலுவலகங்கள் இங்கே உள்ளன. ஆனால் இது கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் துறை என்பதையும் மறைக்கக் கூடாது. 2014இன் இறுதியிலும் 2020இலும் விலை சரிந்தபோது திட்டங்கள் தள்ளிப்போயின, ஒப்பந்தப் பணியாளர்களே முதலில் அடிபட்டார்கள். அத்தகைய நாட்களில், குழாய் மட்டும் வரையத் தெரிந்தவரைவிடத் தகவலைக் கையாளத் தெரிந்தவருக்கு மருந்து, மின்நிலையம், ரசாயனம் என்று வேறு கதவுகளைத் தட்டுவது சுலபம். பெண் பிள்ளையைத் தளத்துக்கு அனுப்புவதா என்று தயங்காதீர்கள். ஆறு மாதமாவது தளத்தில் இருந்து வந்தவரின் மாதிரியைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

வரும் சனிக்கிழமை மகளை அழைத்து வாருங்கள். என்னிடம் உள்ள ஒரு பழைய பி அண்ட் ஐடியைத் தருகிறேன். பம்பிலிருந்து தொட்டி வரை ஒரு லைனைப் பென்சிலால் தொடர்ந்து போய், வழியிலுள்ள ஒவ்வொரு வால்வும் எதற்கென்று அவர் எனக்குச் சொல்லட்டும். அதற்கு முன்பாக, பட்டறையில் 6 அங்குல ஃபிளேஞ்ச் இரண்டு வகுப்பிலும் கிடந்தால், துளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.